பை இருக்கிறதா

சிராங்கூன் நார்த்தில் ஆறு வெள்ளிக்கு
ஒரு பிடி பாசி.
ஈரச் செய்தித்தாளில் சுருட்டித் தந்தார் சியா.
"சுத்தம், சுத்தம்" என்றார்.
ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மூன்றாம் வாரம் இறால் தொட்டியில்
ஒரு பச்சை இழை.
நித்திலா முடிக்குப் பச்சை அடித்திருந்த நேரம்.
தொட்டிப் பக்கம் தலை சீவாதே என்று கத்தினேன்.
"அப்பா, என்னோடது நியான். இது கீரை"
என்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நியாயம்தான்.
இரவுப் பணி முடிந்து வந்து
விளக்கை அணைத்துக் கைபேசி வெளிச்சத்தைக்
கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தேன்.
வேர் இல்லை.
எது தண்டு, எது இலை, பிரிக்க முடியவில்லை.
கிளைக்குக் கிளை
கசகசாவைவிடக் கொஞ்சம் பெரியதாய்ப்
பைகள்.
வெறும் பை கண்ணாடி.
தின்ற பை கருப்பு.
நீர்த்தெள்ளு ஒன்று வாசல் மயிரை உரசியது,
இருந்தது, இல்லை.
நான் இமைக்கவே இல்லை, சத்தியமாக.

சியாவுக்குப் படம் அனுப்பினேன்.
"பிளாடர்வொர்ட்" என்று பதில்,
கூடவே சிரிக்கும் பொம்மை ஒன்று.

பிடுங்கினால் அறுகிறது.
அறுந்தது ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் போகிறது.
முதல் நாள் வடிகட்டியை நிறுத்தாமல் இழுத்தேன்;
மறுவாரம் நான்கு மூலையிலும் குடியேற்றம்.
அப்புறம்தான் புத்தி வந்தது.
நீரோட்டத்தை நிறுத்திவிட்டுப்
பழைய பல்துலக்கியை உள்ளே விட்டு
மீ கோரெங்கை முள்கரண்டியில் சுற்றுவதுபோல்
மெதுவாக, மெதுவாக.
கட்டையை வேகவைத்தேன்.
பாசியைக் காப்பாற்றப் பார்த்தேன், முடியவில்லை.
ஆறு வெள்ளி. போகட்டும்.

பக்கத்து வீட்டு ஹஃபிசா எட்டிப் பார்த்து
மஞ்சளாய் ஒன்று பூத்திருக்கே,
எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.
ஆமாம். தண்ணீருக்கு மேல்
சுண்டுவிரல் நகமளவு,
ஏதோ சொல்ல வந்த உதடுபோல் ஒரு பூ.
அதுவரை நான் பார்க்கவில்லை.
கீழேயே குனிந்திருந்தேன்.
கொடுக்கவில்லை. கஞ்சன் என்று நினைத்திருப்பார்.

ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால்
வாளியைக் கவிழ்க்கப் பத்து எட்டில் கால்வாய்.
கால்வாய் போவது நீர்த்தேக்கத்துக்கு,
நீர்த்தேக்கம் வருவது என் குழாய்க்கு.
வெந்நீர் ஊற்றினேன். கூழானது.
இரட்டைப் பையில் முடிச்சிட்டுக்
குப்பைக் குழாயில் விட்டுப்
பதினோரு மாடியும் காது கொடுத்தேன்.

நேர்காணலுக்காக நித்திலா கருப்புக்கு மாறினாள்.
வங்கி வேலை. ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள்,
நான் வந்து செருப்பைக் கழற்றும் நேரம்.

இன்று காலை வடிகட்டியின் வாயில்
ஒரு பச்சை இழை.
கெத்தலைத் தட்டிவிட்டு
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
கிளை இல்லை.
பை இல்லை.
நியான்.

கெத்தல் கொதித்துத் தானே அணைந்தது.