கொடிக்குரிய நாடு

லா பாஸ் நகரம். கடல் மட்டத்துக்கு மேலே
மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
அதற்கும் மேலே மூன்றாவது மாடியில்
கப்பல் பதிவு அலுவலகம்.
மின்தூக்கி பழுது.
வருகிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள்,
அப்புறம்தான் வணக்கம்.

நான் எர்மினியா டிக்கோனா.
பதினோரு வருடமாகக்
கப்பல்களுக்குக் குடியுரிமை கொடுக்கிறேன்.
கடலைப் பார்த்ததில்லை.
என் நாட்டுக்கும் கடல் கிடையாது. இருந்தது,
ஒரு போரில் போய்விட்டது.
மார்ச்சில் ஒருநாள் கடற்படை
வெள்ளைச் சீருடையில் வாத்தியம் முழங்க நடக்கும்.
ஓரமாக நின்று கைதட்டுவோம்.

கட்டணம் கட்டினால் கொடி.
பணம் வந்த வங்கி எந்த ஊர் என்று
நானும் கேட்டதில்லை,
கேட்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

"சாந்தா லூர்தெஸ்" என்ற சரக்குக் கப்பல்
துருக்கியில், மெர்சின் துறைமுகத்துக்கு வெளியே
ஏழு மாதமாக நங்கூரத்தில் நிற்கிறது.
முதலாளி ஏதோ ஒரு தீவில் தபால்பெட்டி.
காப்பீடு வேறொரு தீவில், அதுவும் காலாவதி.
வயிற்றில் இருக்கும் சிமெண்ட்
யாருடையது என்று லண்டனில் வழக்கு.
ஆட்கள் பன்னிரண்டு பேர்,
ஜார்ஜியர், கானாக்காரர், மூன்று பிலிப்பினோக்கள்.
சம்பளம் இல்லை. அரிசி தீரப்போகிறது.
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை
வாளியில் பிடிக்கிறார்களாம்.

அமைச்சகத்துக்கு எழுதினேன்.
வெளியுறவைக் கேள் என்றது.
வெளியுறவு, நிதி ஒதுக்கீடு இல்லை என்று கைவிரித்து,
ஜெனீவாவுக்கு எழுதலாமே என்றது.
எழுதினேன், இரண்டு மொழியில்,
என் பெயருக்கு மேல் அமைச்சரின் முத்திரையோடு.

நாற்பது நாள் கழித்து ஜெனீவாவிலிருந்து
கெட்டித்தாளில் ஒரு கடிதம்:
"மேற்படி கப்பலின் மாலுமிகள் கைவிடப்பட்டதை
கவலையுடன் கவனத்தில் கொண்டோம்.
உடன்படிக்கையின்படி பொறுப்பு
கொடிக்குரிய நாட்டுடையது.
தகுதிவாய்ந்த அதிகாரி தயவுசெய்து
உடனே நடவடிக்கை எடுக்கவும்."
பெறுநர்: எ. டிக்கோனா.

சிரித்துவிட்டேன்.
உலகத்தைச் சுற்றிவிட்டு என் கடிதம்
என் மேசைக்கே, தபால்தலை மட்டும் மாறி.

இயக்குநர் கெட்டவர் இல்லை.
ஒரு படிவத்தைத் தள்ளினார்:
பதிவு நீக்கம்.
"கையெழுத்துப் போடு எர்மினியா.
நாளைக் காலை அது நம் கப்பல் இல்லை."
யாருடையது, என்றேன்.
"யாருடையதும் இல்லை,"
என்று தேநீரை ஊதினார். இந்த உயரத்தில்
தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்,
சூடு மட்டும் போதாது.

கோப்பில் செயற்கைக்கோள் எண் ஒன்று இருந்தது.
மதிய இடைவேளையில்
என் சொந்தக் காசில் அழைத்தேன்.
அங்கே இருட்டிவிட்டது.
கேப்டன் சுராப் கலாந்தியா,
மண் கொட்டினாற்போல் ஒரு குரல்.
பொலிவியா என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பணம் வருகிறதா என்று கேட்பார்,
கத்துவார் என்று பயந்தேன்.
எங்கள் சட்டப்படி
அந்தத் தொண்ணூறு மீட்டர் இரும்பு எங்கள் மண்;
எங்கள் கடற்கரை என்று சொல்ல
இன்று மிஞ்சியிருப்பது அந்தத் துரு.
அதில் பசியோடு பன்னிரண்டு பேர்,
ஓட்டு இல்லாமல்.

"அம்மா, ஒரு சந்தேகம்," என்றார்.
"காற்றில் கொடி நார்நாராகிவிட்டது.
கொடி இல்லாவிட்டால் அபராதமாம்.
சமையல்காரப் பையன் மேசைவிரிப்பை வெட்டித்
தைத்துக்கொண்டிருக்கிறான்.
சிவப்பு, மஞ்சள், பச்சை, மூன்றும் இருக்கிறது.
எது மேலே?"

எனக்குத் தெரியும்.
இருந்தாலும் திரும்பி
சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

படிவம் இன்னும் இழுப்பறையில்.
இன்று வெள்ளிக்கிழமை.