நூறு ரூபாய் வெட்டு

புதுவயலில் எங்கள் உறுப்பினர் அலுவலகம்
ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகை.
வீட்டுக்காரர் கோவையில்.
கார் விற்று இருபது வருடம்.
தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை,
அதன்மேல்தான் என் மேசை.

சாத்தையா நல்ல மனிதர். கடைசி வரிசை.
இருநூற்றுச் சொச்சம் பேரில்
டிவியில் அவர் தெரிவது வெளிநடப்பின்போதுதான்,
அதுவும் முதுகு.
கூட்டத்தொடர் அறிவித்தால்
தேய்த்த வேட்டி எட்டு எடுத்துக்கொண்டு
விடிகாலைப் பல்லவனில் ஏறுவார்.
அதற்குள் அவர் கேட்க வேண்டியதை
நான் தட்டச்சடித்துத் தர வேண்டும்.

அப்படி ஒரு நாள் பூச்செண்டு வந்தாள்,
நெல் அவிக்கிற மில்லிலிருந்து நேராக,
முழங்கை வரை தவிடு.
ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு,
நடுவில் தரைப்பாலம்.
மழை வலுத்தால் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள்
இக்கரையிலேயே சாக்கில் படுக்கிறார்கள்.
"உசரமா ஒரு பாலம். அம்புட்டுத்தான்."

உடுக்குறியிட்ட வினாவாக அனுப்பினேன்.
உடு என்றால் நட்சத்திரம் என்றேன்.
"ராத்திரியிலயா கூட்டம் நடத்துறாக?"
எங்கள் வினா நூற்றுப் பதினேழாவது.
கேள்வி நேரம் ஒன்பதாவதோடு முடிந்தது.
பதில் மேசைமீது வைக்கப்பட்டது:
பரிசீலனையில் உள்ளது.

அடுத்து மானியக் கோரிக்கை.
வெட்டுத் தீர்மானம் எழுதினேன்.
பாலம் இல்லை என்று பேசுவதற்கு
நெடுஞ்சாலைத் துறை கேட்கும் தொகையில்
நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி
முன்மொழிய வேண்டும். விதி அப்படி.
படித்துக் காட்டினேன்.
வாசல்படியில் நின்று கேட்டவள்
இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.
"பாலம் கேக்கச் சொன்னா
காசைக் கொறைங்கிறீக?"
அது வெறும் அடையாளம் என்றேன்.
ஒரு குறையைச் சொல்ல
அப்படியொரு வாசல் வைத்திருக்கிறார்கள் என்றேன்.
நான் சொன்னது எனக்கே திருத்தமாகப் படவில்லை.

மடியை அவிழ்த்து
நான்காய் மடித்த நூறு ரூபாயை
மேசைமேல் வைத்தாள்.
"கொறைக்க வேணாம். இந்தா அந்த நூறு.
அண்ணன்கிட்டக் குடுத்துக் கட்டச் சொல்லுங்க."
நான் வாங்கியிருக்கக் கூடாது.
மில் சங்கு ஊதியது,
அவள் நிற்கவில்லை.

அவருக்குக் கிடைத்தது நான்கு நிமிடம்.
தலைவருக்கு நன்றி, கட்சிக்கு நன்றி,
தொகுதிக்கு நன்றி என்று மூன்று போனது.
பிறகு என் தாளை மடித்து வைத்துவிட்டு,
"தண்ணி ஏறுனா எங்க சனம்
சாக்குல படுக்குதுங்கய்யா" என்றாராம்.
அச்சில் வந்த அவைக்குறிப்பில் இப்படி:
"நீர்மட்டம் உயரும்போது
பொதுமக்கள் அவதியுறுகின்றனர்."
சாக்கைக் காணோம்.
அடுத்து அடைப்புக்குறிக்குள்
(மணியடிக்கப்பட்டது).

ஆம் என்போர் ஆம் என்றார்கள்,
இல்லை என்போர் அதிகம்.
வெட்டுகள் எல்லாம் தோற்றன.
துறைக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது,
எங்கள் நூறு உட்பட.
"தோத்தது நல்லதுதானேப்பா?"
போனில் கேட்டார் சாத்தையா.
வெயில், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கோடையில் பேரவை கலைந்தது.
நிலுவையில் இருந்ததெல்லாம் காலாவதி.
அவருக்கு மறுபடி சீட் இல்லை.
பெயர்ப்பலகையை மினி லாரியில் ஏற்றுகையில்
விதிப் புத்தகத்திலிருந்து விழுந்தது
தவிட்டு வாசத்தோடு அந்த நோட்டு.
வரவென்று எழுத ஒரு தலைப்பு
என் பேரேட்டில் இல்லை.

ஐப்பசியில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
தரைப்பாலத்தின்மேல்
தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு செருப்பு, ஒரு தென்னமட்டை.
அக்கரையில் அவள், தூக்குச்சட்டியோடு.
நோட்டை உயர்த்திக் காட்டினேன்.
கையைக் குவித்துக் கத்தினாள்:
"புது மெம்பர் வந்தாச்சுல்ல?
அவருகிட்டக் குடுங்க!"

மில் சங்கு ஊதியது.
சேலையை முழங்காலுக்கு மேல் செருகி
தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு
இறங்கினாள்.