ஒரு கல் மட்டும்

ஏழு பேர்ச்சஸ். அதில் இரண்டு அறை, ஒரு குசினி,
பின்பக்கம் மழைத்தண்ணி ஓட ஒரு கான்.
சுவர் எழும்பிவிட்டது, தகரமும் ஏறிவிட்டது.
தரைதான் பாக்கி.
ஐந்து மாதமாக வெறும் கொங்கிரீட்டில் நடக்கிறோம்.
குதிகாலில் வெடிப்பு,
வெடிப்புக்குள் சீமெந்துத் தூள்.

மரியதாஸ் ஹட்டனுக்குப் போய்
மூன்று துண்டு வாங்கிவந்தார்:
ஒரு பலகை, ஒரு சாண் கார்பெட், ஒரு டைல்.
கதவு வைக்காத வாசலில் அவற்றை வைத்துவிட்டு
"நீயே சொல்லு" என்றார்.

பலகையைத்தான் முதலில் எடுத்தேன். நல்ல பாரம்.
டர்பன்டைன் மரமாம், குளிரை மேலே விடாதாம்,
கடைக்கார நவ்ஷாத் நானா சொல்லி அனுப்பியிருக்கிறார்.
மூக்கருகே வைத்தேன். மெழுகு வாசம்.
உடனே அக்கா லூர்துமேரி வந்து நின்றாள்,
பங்களாவின் நீண்ட ஹோலில்,
பாதித் தேங்காய் மட்டையை ஒற்றைக் காலால் அழுத்தி
அங்கிட்டும் இங்கிட்டும்,
அங்கிட்டும் இங்கிட்டும்.
அவள் தேய்த்த பளபளப்பில்
துரையின் நாய் தன்னையே பார்த்துக் குரைக்கும்.
இப்போது அக்காவுக்கு
ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கிறது.
"கறையான் வரும்" என்றேன்.
வேறு காரணம் சொல்ல வாய் வரவில்லை.

கார்பெட், தொட்டால் பூனை முதுகு.
அதன்மேல் படுத்துப் பார்த்தாள் ஷெரோமி,
தலைக்கு மட்டும்தான் இடம் இருந்தது.
எனக்குத் தெரியும் அதன் வயிறு.
நுவரெலியா ஹோட்டலில் எட்டு வருஷம்,
நாற்பத்தாறு அறை.
முடி, நகத்துண்டு, யாரோ கொட்டிய வைன்,
ஒரு தடவை ஒரு தோட்டுத் திருகாணி.
மூன்று நாள் முழங்காலில் ஊர்ந்து தேடினேன்.
கிடைத்தது
அந்த அம்மாவின் சொந்தப் பைக்குள்.
கார்பெட்டைச் சுருட்டி அவரிடமே கொடுத்தேன்.
"ஆடி மழையில் நனைஞ்ச ஆட்டு நாத்தம் வரும்."

மிச்சம் இருந்தது டைல்.
அதை அவர் தொடவே இல்லை.
இருபத்திரண்டு வருஷம் கொழும்பில்
அதைத்தானே பதித்தார்;
இரண்டு முழங்காலிலும் காய்ப்பு,
ஆட்டுக்காலில் இருக்குமே, அது மாதிரி.
மூன்றில் பலகையைத்தான் அவர் விரும்பினார் என்று
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தனை வீடு போட்டிருப்பீங்க?"
"இருநூறு இருக்கும்."
"நடந்து பார்த்தீங்களா?"
சிரித்தார். "எங்க.
கலவை காயும் முன்னே அடுத்த வேலை.
காய்ஞ்ச பிறகு நமக்குக் கேட்டுக்கு வெளியேதான் இடம்."

மலையிலிருந்து பனி இறங்கி
வாசல் வழியாக, கேட்காமல், உள்ளே வந்தது.
பலகை கறுத்தது.
கார்பெட்டில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர்.
டைலை முந்தானையால் ஒரு இழுப்பு, காய்ந்துவிட்டது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"கூலி யார் தருவா?" என்றார்.
"சோறு" என்றேன்.

இரண்டாம் தரம், லேசாக நிறம் மாறும், விலை பாதி.
நான்கு ஞாயிறு.
ஷெரோமி பிளாஸ்டிக் சிலுவைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தாள்.
கடைசி வரிசைக்கு ஒரு கல் குறைய
நோர்வூட் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
குழந்தை மாதிரி என்று சொல்லமாட்டேன்,
டைல் மாதிரிதான், தொடை மரத்துப்போனது.

பூச்சுக் காய்ந்த இரவு
செருப்பில்லாமல் நடந்தார்.
குசினி, அறை, திரும்பக் குசினி.
ஐஸ்மாதிரி இருந்திருக்கும்; நான் இரண்டு சோடி மேஸ் போட்டிருந்தேன்.
பிறகு குனிந்து விரல் முட்டியால்
ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் கேட்டார்.
டக். டக். டக். டக்.
அடுப்பங்கரையில் ஒன்று மட்டும்
டொக்.

அடியில் கலவை நிரம்பவில்லை.
இருநூறு வீட்டிலும் ஒன்றுகூட இப்படி விட்டதில்லையாம்.
முகம் தொங்கிவிட்டது.
"காலையில உடைச்சு மாத்துறேன்."

அதற்கு மேல்தான் அலமாரி,
அலமாரியில்தான் அவர் போத்தல்.
"வேணாம்" என்றேன்.
"ராத்திரி நீங்க அந்தப் பக்கம் போனா
எனக்குக் கேக்கட்டும்."