ஒரு முழம் சுவர்

ஆங்கீரச வருடம் மாசி மாதம்.
மொனிவாக் கடைப் பேரேட்டில்
அடுத்தாள் எழுதியிருக்கிறார்:
கோ பா திங் வகை.
சுவர், முழம் ஒன்று. படம் உள்ளது.
அடகுக்கு ரூபாய் நாற்பது.
சாட்சி என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
வட்டி நான்கு மாதம் ஓடி
ஒரு மைப்பொட்டில் நிற்கிறது.

பள்ளத்தூரில், இரும்புப் பெட்டி அறையில்
அந்த ஒரு முழத்தை
மேசைமேல் கிடத்தியிருக்கிறேன்.
நோயாளி போல என்று சொல்லமாட்டேன்.
நோயாளி முனகுவார்,
இது உதிர்கிறது.

களிமண், உமி, மேலே நகக்கனம் சுண்ணாம்பு.
அதில் புத்தரின் வலது கை மட்டும்.
மாரன் கேட்டபோது
பூமியைச் சாட்சிக்கு அழைக்க
முழங்காலைத் தாண்டி இறங்கிய கை.
நடுவிரல் நகத்துக்குக் கீழே
ரம்பம் போன தடம்.
பூமி அங்கேயே நின்றுவிட்டது,
ஏதோ ஒரு மலைக்குள்ளே.

தேனப்பனின் தகப்பனார்
கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய வார்னிஷை
இதற்கும் ஒரு கை பூசியிருக்கிறார்.
கெட்டுப்போகக் கூடாதே என்றுதான்.
அந்த அக்கறை ஐம்பது வருடத்தில்
மஞ்சளாகி, இறுகி, வெடித்து
வண்ணத்தையும் சேர்த்து உரிக்கிறது.

மூங்கில் குச்சியில் பஞ்சு.
நனை, உருட்டு, எறி.
ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் நாணயம் அகலம்.
கரண்ட் போனால் அதுவும் இல்லை.
பஞ்சு தேன்நிறமாக
உள்ளங்கை செம்மண்ணாகிறது.
மணிக்கட்டில் ஒரு சொட்டு வழிந்திருக்கிறது:
வரைந்தவன் துடைக்க மறந்தது.
அதை நானும் துடைக்கவில்லை.

"ஆச்சி, கீழே மொட்டையா இருக்கே.
கொஞ்சம் தரை வரைஞ்சு விட்டுரலாமா?
சென்னையிலேர்ந்து பார்க்க ஆள் வருது."

தலையாட்டினேன், முடியாதென்று.
பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டு
இருமுறை படித்தார்.
கொட்டாவி விடுவதுபோல் வாய் திறந்து மூடினார்.
பிறகு, பழக்கதோஷம்,
விரல் மடித்து வட்டி போட்டார்,
தொண்ணூறு சொச்சம் வருடத்துக்கு.
பாதியில் நிறுத்தி,
"முழுகிப்போச்சுன்னு எழுதலியே" என்றார்.
எழுதவில்லை.
"அப்ப இது இன்னும் அவன் பொருளு."

சென்னை ஆளுக்கு என்ன சொன்னாரோ தெரியாது.
வாசலில் கார் சத்தம் கேட்டது, போனது.

மாலையில் படிவம் நிரப்புகிறேன்.
பொருள்: சுவரோவியத் துண்டு.
நிலை: நலிவு; வார்னிஷ் பாதி நீங்கியது.
உரிமையாளர்:
அங்கே பேனா நிற்கிறது.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
ரம்பத் தடத்தில்
அறுத்தவனின் அவசரம் பல்பல்லாய்த் தெரிகிறது.
கை மட்டும் அவசரப்படவில்லை.
இல்லாத தரையை நோக்கி
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.