ஆறு இலக்கம்

பூம்பாறையில் டவர் கிடைப்பது
கோயில் வளைவில் மட்டும்தான்.
சின்னவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன்.

கீழே தோட்டத்திலிருந்து முத்தரசு கத்துகிறார்:
"வந்துச்சா?"

கொடைக்கானல் பள்ளி ஆபீசில்
ஏழு வருஷம் ரசீது எழுதிய காசு.
பிரசவத்துக்கு லீவு போட்டவள்
திரும்பிப் போகவேயில்லை.
பி.எஃப். மட்டும் அங்கேயே உட்கார்ந்து
வட்டி தின்று வளர்ந்தது.

விதைப்பூண்டு விலை ஏறிவிட்டது.
அவர் கேட்டதில் தப்பில்லை.
"சும்மாதானே கிடக்கு" என்றார்,
அந்த ஒரு சொல்தான்.
வேலையை விட்ட நாளாய்
ஊர் என்னைச் சொல்வதும் அதே சொல்.

ஓடிபி வந்தது.
பத்து நிமிஷம் உயிர் அதற்கு.

பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி
முதலில் பாத்திகளை மறைத்தது, பிறகு அவரை.
குரல் மட்டும் மிச்சம்.
சின்னவளின் மூக்கைத் துடைத்தேன்.
அறுபது வயதில் முட்டி வலிக்கும்.
மாத்திரைக் காசுக்கு
இவள் முகத்தைக்கூட நான் பார்க்கக் கூடாது.

"வந்துச்சாடி?"

"வந்துச்சு. சொல்ல மாட்டேன்.
கம்மலைக் கழற்றித் தர்றேன், அடகு வைங்க.
அதை மீட்டுக்கலாம்."

மஞ்சுக்குள் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு
மண்வெட்டி விழும் சத்தம்.