நான்கு வீட்டுப் பானை

முதலில் கரண்டிகள் போயின.
விரல் இருக்கிறதே என்றான் ரெமாசி.
அப்புறம் மூடி. அப்புறம் பாய்.
கோழி எப்போதோ.
திங்கட்கிழமை அம்போவோம்பே சந்தையில்
எல்லாரும் பானை விற்க வந்தவர்கள்;
வாங்க வந்தவன் ஒருவன்.
அவன் சொன்னதுதான் விலை.
என் கல்யாணத்து அலுமினியப் பானைக்கு
இரண்டு கிண்ணம் மரவள்ளி வற்றல்.
திரும்பி நடக்கும் வழியிலேயே
ஒரு கிண்ணம் தீர்ந்துவிட்டது.

இப்போது நாலு வீட்டுக்கும் பானை ஒன்று.
த்சிராசுவினுடையது. அடி நசுங்கியது,
எப்படி வைத்தாலும் ஒருபக்கம் சாயும்.
எதுவோ கிடைத்தவள் வந்து கேட்பாள்:
முள் கருக்கிய சப்பாத்திக்கள்ளியை வேகவைக்க ஒருத்தி,
மாட்டுவண்டித் தண்ணீரைக் கடனுக்கு வாங்கி
வெள்ளை மண்ணில் புளி கரைக்க ஒருத்தி.
புளிப்பு வயிற்றை அறுக்காமலிருக்க மண்.
மண் தொண்டையில் இறங்கப் புளி.

பானை போகும் வீட்டுக்குப் பிள்ளைகளும் போவார்கள்.
நாங்கள் போகமாட்டோம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு சுள்ளி பொறுக்குவோம்,
ஏற்ற ஒன்றுமில்லாத அடுப்புக்கு.

அந்தனானரிவோவிலிருந்து
தாளும் பேனாவுமாய் ஒரு பெண் வந்தாள்.
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்
பிள்ளைகளுக்காக நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்கள்?
சாப்பிட்ட நாளைச் சொல்கிறேன், எண்ணச் சுலபம் என்றேன்.
விதையைத் தின்றீர்களா?
தின்றோம். மருந்து தடவிய சோளம்.
கழுவினீர்களா?
தண்ணீருக்கு எங்கே போவது, மணலில் போட்டுத் தேய்த்தேன்.
அதை எழுதத் தாளில் இடம் தேடினாள்.
எல்லாவற்றையுமா?
எல்லாவற்றையும்.
ரெமாசி அப்போது
செங்காற்று மூடிப்போன எங்கள் நிலத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில்.

செவ்வாய்க்கிழமை பானை என் வாசலில் கிடந்தது.
யாரும் கேட்டு வரவில்லை.
புதனும் வரவில்லை.
உள்ளே ஒரு விரற்கடை மணல் சேர்ந்திருந்தது.
வாவிசுவா வீட்டில் பிள்ளை அழுது
ரொம்ப நேரமாயிற்று என்பதை
நான்தான் முதலில் கவனித்தேன்.
கவனித்தும் உட்கார்ந்திருந்தேன்,
நிழல் அந்தப் புளியமரத்தைத் தாண்டும் வரைக்கும்.

பிறகு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.
என்ன கொண்டுவந்தாய் என்றாள் வாவிசுவா.
பானை என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
ஆனாலும் எழுந்து தீ மூட்டினாள்.
எங்கிருந்துதான் தெரிந்ததோ,
பிள்ளைகள் வந்து வட்டமாய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மழைக்கென்று இடுப்புத்துணியில் முடிந்திருந்தது
மூன்று கைப்பிடி.
முடிச்சு இறுகிக் கிடந்தது.
அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது.