கடைசி இலக்கம்

முத்திரைக்குள் செருகும் எண்களில்
நாளுக்கும் மாதத்துக்கும் குறைவில்லை.
புது வருடத்தின் கடைசி இலக்கம்தான் இல்லை.
டிசம்பர் ஆறில் கேட்டு எழுதினேன்.
‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் அனுப்பப்படும்’
என்று பதில் வந்தது, ஜனவரி பத்தொன்பதில்.

வருகிற ஒவ்வொரு உறையிலும்
பழைய இலக்கத்தை அடித்து, பக்கத்தில்
சிவப்பு மையால் புதியதை எழுதுகிறேன்.
பேனா என் காசு.
இலாகாவின் பதிலை மட்டும் திருத்தாமல் விட்டேன்.
முத்திரைப்படி அது போன ஜனவரியிலேயே வந்துவிட்டது,
நான் கேட்பதற்குப் பத்தரை மாதம் முன்னால்.
இத்தனை வேகமாய் அவர்கள்
யாருக்கும் பதில் சொன்னதில்லை.

குளச்சலுக்கு மேற்கே,
அலைத்தடுப்புக் கல்லிலிருந்து நாற்பதடியில்
ரோஸ்லெட்டின் முன்னறைதான் தபாலாபீஸ்.
வாடகைக்கென்று வருவது
கரண்ட் பில்லுக்குச் சரியாகும், மின்விசிறி போடாவிட்டால்.
உப்புக்காற்று தின்ற தராசு
வெறுந்தட்டிலேயே முப்பது கிராம் காட்டும்.
எதிரே நெத்தோலி நிறுக்கும் அமலியிடம்
பார்சல்களைத் தூக்கிக்கொண்டு போவேன்.
குவைத்துக்குப் போகிற சட்டை
இங்கிருந்தே கொஞ்சம் மணத்தோடு கிளம்பும்.
கட்டணத்தைச் சொன்னால்
‘சட்டக்க வெலையவிடக் கூடுதலாட்டு இருக்கே’ என்று
கொண்டுவந்தவர் என்னைத்தான் முறைப்பார்.
ஏற்றியது நானில்லை என்று
எத்தனை பேரிடம் சொல்ல?

தக்கலையிலிருந்து பை கொண்டுவரும் வேனுக்கு
மூன்று மாத டீசல் பாக்கி.
கான்ட்ராக்டர் நினைத்த நாளில் அனுப்புகிறார்.
தாணுமூர்த்தி அண்ணன் ஓய்வு பெற்ற இடத்துக்கு
இன்னும் ஆளில்லை.
மூன்று மணிக்கு ஆபீசைப் பூட்டிவிட்டு
அவருடைய சைக்கிளில் நானே கிளம்புகிறேன்.

டெல்பினாளின் கடிதம் அப்படித்தான் வந்தது.
சென்னைக் காப்பீட்டுக் கம்பெனி,
காற்றில் உடைந்த வள்ளத்தின் கணக்கு.
டிசம்பர் முப்பது தேதியிட்டு
‘முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்புக.
தபால் முத்திரையே ஆதாரம்.’
நான் அவள் கையில் கொடுத்தது
ஜனவரி முப்பத்தொன்று.

அரைமணி நேரத்தில் ஆபீசுக்கு வந்தாள்,
பதில் உறையும் ஈரக் கையுமாய்.
முத்திரை அடித்தேன்.
வருடத்தைச் சிவப்பில் திருத்தினேன்.
பார்த்துக்கொண்டே நின்றாள்.

‘வருசத்த கையால எழுதுதிய, போஸ்டம்மா.
நாளயும் எழுதினா என்ன?
ரெண்டே ரெண்டு நாளு.’

ஒரு வருடத்தை நகர்த்திய பேனா
என் விரலிடையில்தான் இருந்தது.
அந்த இரண்டு நாளும் எங்கே கிடந்தன என்று
எனக்குத் தெரியும்:
தக்கலையில், கட்டிய பைக்குள்,
டீசலுக்குக் காத்து.
அவளிடமிருந்து எடுத்த நாள்கள் அவை.
திருப்பிக் கொடுப்பது திருட்டா?

மூடியைப் போட்டுப் பேனாவை மேசையில் வைத்தேன்.
‘ஒக்காது’ என்றேன்.
அவள் வற்புறுத்தவில்லை.
வற்புறுத்தியிருக்கலாம்.
மீதிச் சில்லறையை எண்ணாமலே
வாங்கிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி கடைசியில் இலக்கம் வந்தது,
தலைமையிடத்து உறையில், தபால்தலை குறைவாக ஒட்டி.
அபராதம் பத்து ரூபாய்.
பெறுபவர் செலுத்தவேண்டும்; செலுத்தினேன்.
வேப்பங்கொட்டை அளவு உலோகம்.
மண்ணெண்ணெய் விட்டுப் பழையதை நெம்பிப்
புதியதைச் செருகினேன்.

அன்றைய பையில் மேலாகக் கிடந்தது
கம்பெனியின் உறை.
பிரிக்காமலே தெரிந்தது;
கனமில்லாத உறைகள் எல்லாம் ஒரே சேதிதான்.
புது இலக்கம் முதலில் அதன்மேல் விழுந்தது,
ஒரு கோடு கூடப் பிசகாமல்.

வலைக்கூடத்தின் நிழலில்
இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.
கையைப் பாவாடையில் துடைத்து வாங்கி,
திருப்பி, முத்திரையை முதலில் பார்த்தாள்.

‘இப்பம் நல்லா தெளிஞ்சு விழுதே’ என்றாள்.